தேன் தடவிய மருந்து என்று யார் சொன்னது?

நவம்பர் 29 வந்தால் நாகர்கோவில் மணிமேடைச் சந்திப்பில் கலைவாணர் சிலைக்கு மாலை விழும். மறுநாள் நாளிதழில் படம் வரும். மாலை போட்டவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் அவர் பேச்சில் ஒரு வாசகம் தவறாது: சிரிக்க வைத்தார், சிந்திக்க வைத்தார். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியிலும் அதுதான், பட்டிமன்றத்திலும் அதுதான். கொஞ்சம் படித்தவர்கள் அதையே நீட்டிச் சொல்வார்கள். சீர்திருத்தம் என்ற கசப்பு மருந்தை நகைச்சுவை என்ற தேனில் குழைத்துக் கொடுத்த மேதையாம் என்.எஸ்.கிருஷ்ணன்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கலைஞனை இதைவிட நயமாகக் கீழே இறக்க முடியாது. தேன் யார் வீட்டுத் தேனாக இருந்தால் என்ன, மருந்து உள்ளே போனால் சரி என்றுதானே இதற்குப் பொருள்? நோய் தீர்ந்தபின் தேன் கிண்ணத்தை யார் நினைத்துப் பார்க்கப் போகிறார்கள்? ஒழுகினசேரியில் 1908இல் பிறந்து, 49 வயது நிறையும் முன்பே 1957இல் மறைந்த அந்த மனிதர் தம் உழைப்பையெல்லாம் கொட்டியது அந்தக் கிண்ணத்தில்தான். காட்சி எழுதுவது, பாட்டுக்குக் கரு சொல்வது, எதிரே நிற்பவரின் கேள்வியை எந்த இடத்தில் விழவைப்பது என்று கணக்குப் போடுவது, இவைதான் அவருடைய தொழில். அவர் முதலில் எழுத்தாளர், பாட்டு கட்டுபவர், நகைச்சுவைப் பட்டறை ஒன்றின் மேஸ்திரி. சீர்திருத்தவாதி என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருவது. வரிசையை மாற்றி வைத்ததால்தான் ஆண்டுக்கொரு முறை மாலை போடுகிறோம், அவர் வேலையை மட்டும் பார்ப்பதே இல்லை.

முதலில் கருத்துகளையே எடுத்துக்கொள்வோம். அவர் 'பரப்பிய' கருத்துகள் எவை? மது கூடாது, தீண்டாமை கூடாது, மூடநம்பிக்கை கூடாது, படிப்பு வேண்டும், விஞ்ஞானம் வேண்டும். இவற்றில் எதை அவர் முதலில் சொன்னார்? ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது 1937இல். சென்னை மாகாணம் முழுவதற்கும் அது வந்தது 1948 காந்தி ஜெயந்தி அன்று. மதுவிலக்கை வலியுறுத்திய 'நல்லதம்பி' திரைக்கு வந்தது 1949இல். சட்டம் வந்து சில மாதம் கழித்து! வைக்கம் போராட்டம் 1924இல். கிருஷ்ணன் பிறந்த திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் 1936இல். பெரியாரும் காந்தியும் ஊர் ஊராகப் போய்ப் பேசி முடித்திருந்த விஷயங்கள் இவை. கருத்துக்காகத்தான் அவரைக் கொண்டாடுவோம் என்றால், அந்த வரிசையில் அவர் ரொம்பப் பின்னால் நிற்க வேண்டியிருக்கும். அவரைக் கொண்டாடுபவர்கள் இதை யோசித்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்று. அவருக்கு ஒரே கொள்கைதான் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. காந்தியைப் பாடினார், சோவியத் நாட்டுக்குப் போய்வந்து அந்த நாட்டைப் புகழ்ந்தார், திராவிட இயக்கத்தின் தேர்தல் மேடையில் ஏறினார். இதனால்தான் எல்லாக் கட்சிக்காரர்களும் அவருக்கு மாலை போட முடிகிறது. கட்சிகளுக்கெல்லாம் பொதுவான கொள்கை ஒன்றை அவரிடம் தேடிப் பார்த்தால், 'நல்லது செய்யுங்கள்' என்பதற்கு மேல் ஒன்றும் தேறாது. அதைச் சொல்ல ஒரு மேதை எதற்கு?

செய்தி காலாவதியான பிறகு நகைச்சுவை என்ன ஆகும் என்பதற்கு நாஞ்சில் நாட்டிலேயே பக்கத்துத் தேரூரில் ஒரு சாட்சி இருக்கிறது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்'. சொத்து மகனுக்குப் போகாமல் மருமகனுக்குப் போகும் வழக்கத்தை, குடும்பத் தலைவரான ஒரு காரணவரின் ஐந்தாவது மனைவி வாயால் புலம்பவிட்டுக் கிழித்த நூல். 1910களின் கடைசியில் இதழில் தொடராக வந்தது. 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்த வழக்கத்தை முடித்தது. கவிதைதான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று எங்கள் பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் மருந்துக் கணக்குப்படி பார்த்தால் 1926க்குப் பிறகு அந்த நூலைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. வழக்கம் ஒழிந்து பதினாறு ஆண்டு கழித்து, 1942இல்தான் அது புத்தகமாகவே வந்தது. மருமக்கள்வழி என்றால் என்னவென்றே தெரியாத பையன்கூட இன்று அதைப் படித்தால் அந்தக் கிழட்டுக் காரணவர் சோற்றுக்கு உட்காரும் இடத்தில் சிரித்துவிடுவான். நோயும் போய், மருந்தும் போன பிறகு நிற்பது எது என்று அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

கிருஷ்ணனுக்கு வருவோம். 'நல்லதம்பி'யில் வரும் கிந்தனார் காலட்சேபத்தைச் சீர்திருத்தப் பிரச்சாரத்தின் சிகரம் என்பார்கள். அதன் சுருக்கம் இதுதான்: ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த சிறுவன் கிந்தன் படிக்க ஆசைப்படுகிறான், ஊரில் அடி விழுகிறது, பட்டணம் போய்ப் படித்து, கல்வி அதிகாரியாக அதே ஊருக்குத் திரும்பி வருகிறான். இதை இப்படியே ஒரு கட்டுரையாக எழுதினால் யார் படிப்பார்கள்? அல்லது சோகப் படமாக எடுத்தால்? எடுத்திருக்கிறார்கள், நூறு படம். ஒன்றும் நினைவில் இல்லை.

கிந்தனார் ஏன் நிற்கிறது? கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் தமிழர் காதில் ஏற்கெனவே ஊறிக் கிடந்தது. 1935இல் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். 1942இல் ஜெமினி எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர் நடித்தார். காலட்சேபக்காரர்கள் ஊருக்கு ஊர் சொன்னார்கள். மெட்டு தெரியும், உருக்கம் எந்த இடத்தில் வரும் என்று தெரியும், பாகவதர் எங்கே கண் மூடுவார், பின்பாட்டுக்காரர் எங்கே இழுப்பார் என்பதெல்லாம் கொட்டகையில் தரை டிக்கெட்டுக்காரருக்கும் தெரியும். கிருஷ்ணன் அந்தச் சட்டகத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருந்ததை மட்டும் மாற்றினார். நந்தன் கேட்டது சிதம்பரம், கிந்தன் கேட்டது பள்ளிக்கூடம். நந்தன் தீயில் இறங்கித் தகுதி பெற்றான், கிந்தன் பரீட்சை எழுதித் தகுதி பெற்றான். அங்கே தில்லை தெரிகிறது, இங்கே ரயில் வருகிறது. பக்தியில் உருகுவதற்கென்று பழகிய அதே மெட்டு ஒரு பையனின் படிப்புக்காக உருகும்போது கேட்பவருக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்த மறு நொடி, நந்தன் ஏன் தீயில் இறங்க வேண்டியிருந்தது என்ற கேள்வி தானாக எழுகிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. சிரிப்பு முதலில் வந்து சிந்தனை பின்னால் தனியாக வரவில்லை, சிரிப்புக்குள்ளேயே முழு விவாதமும் இருக்கிறது. சிரிப்பை உரித்துவிட்டுச் சிந்தனையை மட்டும் எடுத்துக்கொள்ளப் பாருங்கள், கையில் ஒன்றும் வராது.

இந்தச் சட்டகம் மாற்றும் வித்தை அவருக்கு 1949இல் திடீரென்று வந்ததும் அல்ல. பம்மல் சம்பந்த முதலியார் அரிச்சந்திரனைத் தலைகீழாகக் கவிழ்த்து 'சந்திரஹரி' என்று ஒரு நாடகம் எழுதினார். உண்மையே பேசாத அரசனின் கதை. 1941இல் அது திரைக்கு வந்தபோது அதில் நடித்தவர் கிருஷ்ணன். எல்லோருக்கும் தெரிந்த புனிதக் கதையின் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு சதையை மாற்றுவது எப்படி என்பதற்கு அது நல்ல பாடம். சந்திரஹரியில் சீர்திருத்தம் ஒன்றும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வித்தை முந்தியது, செய்தி பிந்தியது.

வித்தையின் வேர் இன்னும் பழையது. அவருடைய அப்பா பெயர் சுடலைமுத்து, அம்மா பெயர் இசக்கி அம்மாள். இரண்டுமே வில்லுப்பாட்டில் பாடப்படும் தெய்வங்களின் பெயர்கள். கொடைவிழாவில் விடிய விடிய வில்லடிக்கும் ஊரில் பிறந்த பிள்ளை அவர். வில்லுப்பாட்டின் அமைப்பைப் பாருங்கள். நடுவில் புலவர் உட்கார்ந்து கதை சொல்வார். பக்கத்தில் குடமும் உடுக்கும் தாளமும் இருக்கும். எதிரே பக்கப்பாட்டுக்காரர் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் ஆமாம் போடுவார், சந்தேகம் கேட்பார், சில சமயம் வேண்டுமென்றே தப்பாகப் புரிந்துகொள்வார். கதை நகர்வது புலவரால், உயிர் வருவது அந்தக் குறுக்குக் கேள்வியால். பாட்டுக்கு நடுவே பேச்சு, பேச்சு முற்றும்போது மறுபடி பாட்டு.

இப்போது கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் வரும் ஏதாவது ஒரு காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பெரிதாக ஏதோ அளந்துகொண்டிருப்பார், அந்த அம்மாள் ஒரு சின்னக் கேள்வி கேட்பார். எந்திரங்களைக் கண்டுபிடித்து நாட்டை மாற்றப்போவதாக அவர் பாடும் அந்தப் புகழ்பெற்ற பாட்டிலும் இதே கட்டுமானம்தான். பொத்தானைத் தொட்டால் இட்லி வரும் உலகத்தை அவர் கட்டிக்கொண்டே போக, எதிரே நிற்கும் மனைவி அதைக் கேட்டுக்கொண்டும் கிளறிக்கொண்டும் இருப்பார். 'டாக்டர் சாவித்திரி'யில் (1955) காசி யாத்திரையையும் ஊசி மருந்தையும் மோதவிட்ட பாட்டும் அப்படித்தான். திண்ணையில் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வதுபோலத் தொடங்கி, பிள்ளைப் பேறு பற்றி அந்தக் காலத்தில் வெளியில் பேசத் தயங்கிய சங்கதிக்குப் போய்விடும். மேடையில் ஒரு பேச்சாளர் இதைப் பேசியிருந்தால் கல் விழுந்திருக்கும். கணவன் மனைவி வம்பாக அது வந்ததால் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்டார்கள்.

'சிரிக்க வைத்தார்' என்ற வாசகத்தில் மதுரம் எங்கே இருக்கிறார் என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா? அந்த வாசகம் ஒருமை. கிருஷ்ணனின் கலையோ இருவர் கலை. எதிர்க் குரல் இல்லாமல் அது எழும்பாது. 1936இல் 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காகப் புனா போனபோது பழக்கமாகி, அங்கேயே மணம் முடித்தார்கள் என்ற காதல் கதை எல்லோருக்கும் தெரியும். அவர் சிறையில் இருந்த காலத்தில் நாடகக் குழுவை எஸ்.வி.சகஸ்ரநாமத்தோடு சேர்ந்து கட்டிக் காத்தவர் மதுரம் என்பதும் சிலருக்குத் தெரியும். அவர் குரலின் வேகம், கேள்வி கேட்பதற்கு முன் அவர் விடும் அரை நொடி, இவற்றைப் பற்றி எழுதியவர்கள் எத்தனை பேர்? ஆசானைக் கண்ட இடத்தில் நாம் சீடப்பிள்ளைகளைத்தான் தேடுவோம், கூட்டாளியைத் தேடமாட்டோம்.

மற்றக் கூட்டாளிகள் கதையும் இதுவேதான். பாட்டுகளில் பெரும்பகுதியை எழுதியவர் உடுமலை நாராயண கவி. பூளவாடியில் பிறந்து நாடகக் கம்பெனிகளில் அடிபட்டு வந்தவர். கலைவாணர் பாட்டு என்று நாம் சொல்லும் பல பாட்டுகளுக்கு உரிமை அவருக்கும் உண்டு. கரு இவருடையதா அவருடையதா, எந்த வரி யார் கை என்று இன்று பிரித்துப் பார்க்கவும் முடியாது. இரண்டு பேர் உட்கார்ந்து மாறி மாறிக் கட்டியது அது. டி.எஸ்.துரைராஜ், காகா ராதாகிருஷ்ணன், புளிமூட்டை ராமசாமி என்று கூடவே ஒரு படை. திருநெல்வேலிச் சீமையின் சத்திரப் புதுக்குளத்துக்காரர் சுப்பு ஆறுமுகத்தை அழைத்துவந்து நகைச்சுவைப் பகுதி எழுதவைத்தார். அந்த சுப்பு ஆறுமுகம் பிறகு நாகேஷுக்கு எழுதினார், வில்லுப்பாட்டை ஊரெல்லாம் கொண்டுபோனார், 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார். அவரை வில்லுப்பாட்டுக் கலைஞர் என்று தெரியும், திரைப்பட நகைச்சுவை எழுத்தாளர் என்று யாருக்குத் தெரியும்? கவுண்டமணி, செந்திலுக்கு எழுதிய ஏ.வீரப்பனும் அப்படித்தான். 'கரகாட்டக்கார'னின் வாழைப்பழக் காட்சியை மனப்பாடமாகச் சொல்பவர்கள் கோடிப்பேர், எழுதியவர் பெயரைச் சொல்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

எகிப்தில் இப்படி இல்லை. அங்கே நஜீப் அல்-ரிஹானி என்ற மேடைச் சிரிப்பு மன்னரைப் பற்றிப் பேசினால், கூடவே பதீஉ கைரி பெயரும் வரும். நாடகமும் பாட்டும் எழுதியவர் கைரி. சையித் தர்வீஷ் மெட்டமைக்க, 1919 புரட்சிக் காலத்தில் தெருவெல்லாம் பாடிய பாட்டுகளில் அவர் எழுதியவை உண்டு. அடுத்த தலைமுறையில் அபுல் சஊத் அல்-இப்யாரி. இஸ்மாயில் யாசீன் என்ற நடிகரின் பெயரையே தலைப்பில் வைத்து வந்த படங்களில் பல அவர் எழுதியவை, 1955இல் வந்த 'இஸ்மாயில் யாசீன் ராணுவத்தில்' உட்பட. திரைக்கதையும் அவரே, பாட்டும் பல படங்களில் அவரே. அந்த மனிதரின் வாழ்க்கையை ஓர் எழுத்தாளனின் வாழ்க்கையாக அங்கே எழுதுகிறார்கள். எத்தனை படம், எந்த நடிகருக்கு எப்படிப்பட்ட பாத்திரம், பாட்டை எந்த இடத்தில் வைத்தார் என்றெல்லாம் பார்க்கிறார்கள். சமூகத்தைத் திருத்தினாரா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவது என்ற வழக்கம் இல்லை. நம்மிடம் நகைச்சுவைக்காரன் ஆசான் பட்டம் வாங்கினால் சிலை, வாங்காவிட்டால் கோமாளி. நடுவில் எழுத்தாளன் என்று ஒரு நாற்காலி இல்லவே இல்லை.

எதிர்த் தரப்பில் இன்னொரு கட்சி உண்டு. இவர்கள் உலக சினிமா பார்த்தவர்கள். தேன், மருந்துப் பேச்சையெல்லாம் இவர்களே கேலி செய்வார்கள். இவர்கள் குற்றச்சாட்டு வேறு: கிருஷ்ணன்தான் தமிழ் சினிமாவில் தனி காமெடி டிராக் என்ற நோயைக் கொண்டுவந்தவர். கதைக்கு ஒட்டாமல், தனியாக எடுத்து, நடுவில் செருகுவது. விநியோகஸ்தர் கேட்டார், தயாரிப்பாளர் சேர்த்தார், கலைக்கு இதில் என்ன வேலை என்பது இவர்கள் வாதம்.

செருகினார்கள் என்பது உண்மைதான். ஆனால் எதில் செருகினார்கள்? 1936இல் 'சதி லீலாவதி'யை இயக்கிய எல்லிஸ் ஆர்.டங்கனுக்குத் தமிழ் தெரியாது. அவர் எடுத்த படங்களில் ஒரு தமிழ் நகைச்சுவைக் காட்சியை யார் எழுதி, யார் சரிபார்த்திருக்க முடியும்? எழுதி, ஒத்திகை பார்த்து, ஆள் சேர்த்து, அளவு போட்டு வைத்துக்கொள்ளும் வேலை நகைச்சுவைக்காரன் தலையில்தான் விழுந்தது. கிருஷ்ணன் அதைத் தயாராகவே வைத்திருந்தார். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றுக்கொண்டிருந்துவிட்டு டி.கே.எஸ். சகோதரர்களின் பாலர் சபையில் சேர்ந்த பையன் அவர். அங்கே பின்திரைக்கு அந்தப்பக்கம் அரண்மனை ஜோடிக்கும் வரை, முன்திரைக்கு இந்தப்பக்கம் பபூன் தனியாக நின்று கூட்டத்தைப் பிடித்துவைக்க வேண்டும். கதையோடு ஒட்டாமல் பேசுவதும், அன்றைய ஊர்ச் செய்தியை இழுத்துப் பேசுவதும் அவனுக்கு விதிக்கப்பட்ட வேலை. பக்கத்துக் கேரளத்துக் கூத்தில் விதூஷகன் கதையை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு நாள்கணக்கில் பேசுவான். அதைக் கலை என்று ஒப்புக்கொள்கிறவர்கள் இதைச் செருகல் என்று தள்ளுவது என்ன நியாயம்?

1940இல் வந்த 'சகுந்தலை'யை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.எஸ்.சுப்புலட்சுமியும் ஜி.என்.பாலசுப்பிரமணியமும் நாயகி நாயகன். கிருஷ்ணனும் துரைராஜும் மீனவர்கள். கேட்டால் 'ஒட்டாத டிராக்' என்பார்கள். காளிதாசனிடமே அந்த மீனவன் இருக்கிறான், மோதிரம் அவன் கையில்தான் கிடைக்கிறது. அரசன் சமஸ்கிருதம் பேசும் நாடகத்தில் அவன் பேசுவது பிராகிருதம். படத்திலும் கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான். நாயகனும் நாயகியும் 'நாதா', 'சுவாமி', 'பிராணேசுவரி' என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. சந்தையிலும் குப்பத்திலும் பேசிய தமிழ் திரையில் கேட்டது இந்த 'ஒட்டாத' பகுதியில்தான். திராவிட இயக்க வசனம் வந்து திரைத்தமிழை மாற்றியது என்கிறோம். அதுவும் மேடைத் தமிழ்தான், அடுக்குமொழி. சாதாரண மனிதன் வாயில் வரும் தமிழுக்கு அந்தப் பதினைந்து, இருபது ஆண்டுகள் புகலிடம் கொடுத்தது காமெடி டிராக். ஒட்டியிருந்தால் கெட்டிருக்கும்.

அவர் எழுத்தாளர்தான் என்பதற்கு நான் காட்டும் பெரிய சான்று அவருடைய எந்தக் காட்சியும் அல்ல. சிறைதான். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 டிசம்பரில் எம்.கே.தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்கு போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. உள்ளே போகும்போது பாகவதர்தான் உச்சத்தில் இருந்தார். 'ஹரிதாஸ்' பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது, அங்கே அது மூன்று தீபாவளி கண்டது. வெளியே வந்தபின் பாகவதரின் படங்கள் ஓடவில்லை. ரசனை மாறியது, பாட்டுப் படங்களின் காலம் போனது என்று காரணம் சொல்வார்கள், அதில் உண்மை உண்டு. ஆனால் அதே ரசனை மாற்றத்தில் கிருஷ்ணன் எப்படி மேலே ஏறினார்?

பாகவதரிடம் இருந்தது தெய்வீகமான குரல். அதைச் சுற்றி மற்றவர்கள் கதை கட்ட வேண்டும். கிருஷ்ணனிடம் இருந்தது பட்டறை. அவர் உள்ளே இருந்தபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது. அவர் வெளியே வந்தபோது 'பைத்தியக்காரன்' படம் ஏறக்குறைய முடிந்த நிலையில் இருந்தது, அதில் அவருக்காகப் புதிதாகக் காட்சிகள் எழுதிச் சேர்த்தார்கள். இரண்டே ஆண்டில் 'நல்லதம்பி'. ஃபிராங்க் காப்ராவின் 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' கதையைத் தமிழ்ப்படுத்த ஆள் தேடி, அறிஞர் அண்ணாவைத் திரைக்கு எழுத அழைத்துவந்தார். அண்ணாவின் முதல் திரைக்கதை வசனம் அது. 1951இல் 'மணமகள்', இயக்கம் அவரே, வசனம் கருணாநிதி, நாயகி பத்மினி. 1952இல் 'பணம்', இயக்கம் அவரே, வசனம் மறுபடியும் கருணாநிதி, நாயகன் 'பராசக்தி' முடித்து வந்த சிவாஜி கணேசன், இசைக்கு விஸ்வநாதனையும் ராமமூர்த்தியையும் முதன்முதலாக ஜோடி சேர்த்தார். இதெல்லாம் ஓர் ஆசான் செய்கிற வேலையா? எந்தக் காட்சிக்கு எந்தக் கை வேண்டும் என்று தெரிந்த மேஸ்திரியின் வேலை. திராவிட இயக்கம் கலைவாணரைப் பயன்படுத்திக்கொண்டது என்று ஒரு பேச்சு உண்டு. நாள் கணக்கைப் பார்த்தால் அவர்தான் அந்த இயக்கத்தின் எழுத்தாளர்களை வேலைக்கு அமர்த்தியிருக்கிறார்.

அவர் நேரடியாகப் போதித்ததே இல்லையா என்றால், போதித்தார். அவருக்கு அந்த ஆசை இருந்தது, வரவர அதிகமானது. 'மனிதன் இப்படி இருக்க வேண்டும்' என்று கேமராவைப் பார்த்துச் சொல்லும் காட்சிகள் உண்டு. அவருடைய வேலையில் ஆகப் பலவீனமான பகுதி அதுதான் என்பது என் கணிப்பு. எதிரில் மதுரம் பேசாமல் தலையாட்டுவார், குறுக்குக் கேள்வி காணாமல் போயிருக்கும், பாட்டு பாடமாகியிருக்கும். மருந்துக் கட்சிக்காரர்கள் மேற்கோள் காட்டுவதும் பெரும்பாலும் இவற்றைத்தான். 'பண'த்தில் தி.மு.க. என்ற மூன்று எழுத்தை வைத்துக்கொண்டு, அதைத் திருக்குறள் முன்னணிக் கழகம் என்று விரித்துப் பாடிய பாட்டை யாரும் அவ்வளவாகக் காட்டமாட்டார்கள். அதில் எடுத்துச் சொல்ல ஒரு நீதியும் கிடையாது. சென்சார்காரர்கள் முன்னால் ஒரு கட்சிப் பெயரைத் திருக்குறளுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக் கொட்டகையைக் கைதட்ட வைக்கும் குறும்பு மட்டும்தான். 'ராஜா ராணி'யில் (1956) விதவிதமான சிரிப்பைச் சிரித்தே காட்டும் பாட்டும் அப்படித்தான். சிரிப்பைப் பற்றிய சிரிப்பு, அவ்வளவே. அவருடைய தொண்டையும் தாளக்கட்டும் எப்படி வேலை செய்தன என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் இல்லை.

வள்ளல் கதைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார், கடைசியில் தமக்கென்று ஒன்றும் வைக்கவில்லை, ஒழுகினசேரி மதுர பவனம் கடனில் மூழ்க எம்.ஜி.ஆர். மீட்டுக் கொடுத்தார். எல்லாம் உண்மை, மனதைத் தொடும் உண்மை. ஆனால் கொடை பற்றிய கதைகள் பெருகப் பெருக வேலை பற்றிய பேச்சு குறைந்துகொண்டே போகிறது. சென்னையில் அவர் பெயரில் அரங்கம் இருக்கிறது, இடித்துக் கட்டி 2016இல் புதிதாகத் திறந்தார்கள். தியாகராய நகரில் சிலை இருக்கிறது, 1969 ஜனவரியில் நோயோடு வந்து அண்ணா திறந்து வைத்தது. நாகர்கோவிலில் ஒரு கல்லூரித் தமிழ்த்துறைக்காரரிடம் கேளுங்கள், கவிமணியின் யாப்பைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். கிருஷ்ணனின் காட்சி அமைப்பைப் பற்றிக் கேட்டால் ஏழைக்கு மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்த கதையைச் சொல்வார்.

1957 தேர்தலில் அண்ணா காஞ்சிபுரத்தில் நின்றார். எதிரே காங்கிரஸ் வேட்பாளராக ஊரில் நல்ல பெயர் வாங்கிய ஒரு டாக்டர். அண்ணாவுக்கு ஓட்டுக் கேட்க வந்த கிருஷ்ணன் மேடையேறி டாக்டரைப் புகழத் தொடங்கினாராம். கைராசிக்காரர், ஏழைகளிடம் காசு வாங்காதவர், அர்த்த ராத்திரியில் கூப்பிட்டாலும் எழுந்து வருபவர் என்று புகழ்ந்துகொண்டே போனாராம். கூட்டம் முழிக்கிறது, மேடையில் இருந்த கழகத்தார் நெளிகிறார்கள். கடைசியில் கேட்டாராம்: இப்பேர்ப்பட்ட டாக்டரை மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டால் ராத்திரி காய்ச்சல் வந்தால் யாரிடம் போவீர்கள்? அவரை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், அண்ணாத்துரையைச் சட்டசபைக்கு அனுப்புங்கள். இந்தக் கதையை நூறு மேடையில் கேட்டிருக்கிறோம். சொல்கிறவர்கள் எல்லோரும் கலைவாணரின் பண்பைப் பாருங்கள், எதிரியையும் இகழவில்லை என்று முடிப்பார்கள். பண்பு இருக்கட்டும். முழு நேரமும் ஒரு பக்கம் கட்டிக்கொண்டே போய், கேட்பவர் பொறுமை இழக்கும் அந்த நொடி வரை பிடித்து வைத்திருந்து, ஒரே கேள்வியில் கவிழ்த்ததைப் பாருங்கள். அந்தக் கடைசிக் கேள்வியை வெட்டிவிட்டு மீதிப் பேச்சை அச்சடித்தால், அது காங்கிரஸ் துண்டுப் பிரசுரம்.